சந்தையா, சந்தாவா, கூட்டுக் கொள்முதலா? சுற்றுவட்டார விளைச்சலை வாங்க உங்களுக்குப் பொருந்தும் வழி எது

விற்காமல் போன ஒரு கூடைத் தக்காளியின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? சுற்றுவட்டாரத்தில் விளைவதை வாங்கிச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்த வீட்டார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. விலையும் தூரமும் 'இயற்கை' என்ற அடைமொழியும் பிறகுதான். வாரச் சந்தையில் வாங்கினால் அந்த நஷ்டம் விளைவித்தவருக்கு. பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டிச் சந்தாவாகப் பங்கு எடுத்தால் அதில் ஒரு பகுதி உங்களுக்கு. பத்து வீடு சேர்ந்து மூட்டையாக எடுத்தால் அந்தக் குழுவுக்கு. வட்டாரப் பொருளில் சமைக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் உணவக முதலாளிக்கு. நான்குமே நல்ல வழிகள்தான். ஆனால் உங்கள் அடுப்படிப் பழக்கத்தோடு ஒத்துப்போகாத வழியைப் பிடித்தால் இரண்டு மூன்று மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். உங்களை நம்பி விதைத்தவர் நடுவழியில் நிற்பார்.

வண்டிப் புகையைக் குறைப்பதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். 2008இல் வெபர், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் உணவை ஆராய்ந்தார்கள். உணவால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 83 சதவீதம் உற்பத்திக் கட்டத்திலேயே வெளியாகிறது. போக்குவரத்து மொத்தமும் சேர்ந்து 11 சதவீதம். உற்பத்தி இடத்திலிருந்து கடைக்கு வரும் கடைசிப் பயணம் வெறும் 4 சதவீதம். இரண்டு கிலோ காய்க்காகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் போய்வந்தால் அந்தச் சிறு மிச்சமும் போய்விடும். பக்கத்தில் வாங்குவதற்கு வேறு உறுதியான காரணங்கள் உண்டு. பறித்த மறுநாளே காய் கைக்கு வருகிறது. பணம் ஊருக்குள்ளேயே சுழல்கிறது. விளைவிக்கத் தெரிந்தவர்கள் தொழிலை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள்.

எதையும் தேர்வதற்கு முன் இரண்டு வாரம் ஒரு தாளை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை வேளை வீட்டில் சமைத்தீர்கள், எத்தனை கிலோ காய்கறி உள்ளே வந்தது, எவ்வளவு குப்பைக்குப் போனது. தோலையும் காம்பையும் சேர்க்க வேண்டாம். அழுகி வீணானதை மட்டும் நிறுத்துப் பாருங்கள். வாங்கியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுகுகிறது என்றால் சந்தா உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வாரச் சந்தை

சந்தையின் பெரிய வசதி, வேண்டிய வாரம் வேண்டிய அளவு வாங்கலாம் என்பது. பணம் நேரே விளைவித்தவர் கைக்குப் போகிறது. முழுப்பணமும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் நாள் அறுவடைக் கூலி, வண்டி, கடை வாடகை, ஒரு முழுநாள் நின்று விற்கும் உழைப்பு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் கூட்டம் வராது. பறித்த கீரையை மறுபடி செடியில் ஒட்ட முடியாது, அது எருக்குழிக்குத்தான். சந்தையைத் தாங்கிப் பிடிக்க நினைப்பவர்கள் குடை பிடித்துக்கொண்டாவது மழை நாளில் போக வேண்டும். விற்பவருக்கு அன்றைய வருமானம்தான் சந்தேகத்தில் இருக்கிறது.

சந்தையில் நிற்பவர்கள் எல்லோரும் விளைவித்தவர்கள் அல்ல. மொத்த வியாபாரியிடம் எடுத்து வந்து விற்பதில் தவறில்லை, அதைச் சொல்லிவிட்டு விற்றால். மறைத்து விற்கும்போதுதான் உங்கள் நோக்கம் தோற்கிறது. கண்டுபிடிக்கச் சில வழிகள்: ஒரே கடையில் இருபது முப்பது வகைக் காயும் ஒரே நேரத்தில் இருக்கிறதா? அந்தப் பருவத்தில் அந்த வட்டாரத்தில் வராத பழம் இருக்கிறதா? எல்லாம் ஒரே அளவில், மெழுகு பூசிய பளபளப்போடு இருக்கின்றனவா? மேசைக்கடியில் இருக்கும் பெட்டிகளில் அச்சிட்ட நிறுவனச் சீட்டு ஒட்டியிருக்கிறதா? பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன ரகம், எப்போது நட்டீர்கள், இன்னும் எத்தனை வாரம் வரும்? நட்டவர் யோசிக்காமல் பதில் சொல்வார். பதிலோடு கூடவே பூச்சி வந்ததையும் தண்ணீர் பற்றாமல் போனதையும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

பேரம் பேசுவதற்குப் பதில் இரண்டாம் தரத்தைக் கேளுங்கள். வெடித்த தக்காளி, வளைந்த வெள்ளரி, அடிபட்ட பழம் இவற்றை மேசைக்கடியில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஐந்து கிலோ மொத்தமாக எடுத்தால் விலை குறையும். அவருக்கும் குப்பைக்குப் போக இருந்தது காசாகிறது. அன்றைக்கே சமைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. வெடிப்பில் பூஞ்சை படர்ந்திருந்தால் அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், முழுப்பழத்தையும் ஒதுக்குங்கள்.

வீட்டில் செய்து பாட்டிலில் அடைத்து விற்கும் பண்டங்களில் கவனம் வேண்டும். புளிப்பு குறைந்த காய்கறிகளைக் காற்றுப் புகாமல் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால் பொட்டுலிசம் நோயைத் தரும் கொடிய நஞ்சு உண்டாகலாம். கார அமில அளவு (pH) 4.6க்கு மேல், அதாவது புளிப்பு குறைவாக இருந்தால் சாதாரணக் கொதிநீரில் வேகவைத்து அடைப்பது போதாது, அழுத்தக் கொதிகலனில் பதப்படுத்த வேண்டும். "எப்படிப் பதப்படுத்தினீர்கள், அமில அளவு பார்த்தீர்களா?" என்று கேட்பதை நல்ல தயாரிப்பாளர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பருவச் சந்தா

பருவத் தொடக்கத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு வாராவாரம் விளைந்ததில் ஒரு பங்கைப் பெட்டியாக வாங்கிக்கொள்வது இந்த முறை. 1970களில் ஜப்பானில் 'தெய்கெய்' என்ற பெயரில் விவசாயிகளும் நுகர்வோரும் நேரடியாகக் கைகோத்த ஏற்பாடு இதற்கு முன்னோடி. 1986இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் பங்கு முறையைத் தொடங்கின. 2001இல் பிரான்சில் 'அமாப்' என்ற பெயரில் அது வேரூன்றியது. மூன்று இடத்திலும் அடிப்படை ஒன்றுதான். விதைக்கும் எருவுக்கும் கூலிக்கும் பணம் தேவைப்படுவது நடவின்போது. விளைச்சல் காசாக மாறுவது மாதங்கள் கழித்து. அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கிய கடன் நிரப்பும், இல்லையென்றால் உங்கள் முன்பணம் நிரப்பும். விலை நிர்ணயிக்கும் விதமும் வேறு: கடை விலையைப் பார்த்துப் பங்கின் விலையை வைப்பதில்லை. பண்ணையின் வருடச் செலவையும் விவசாயியின் குடும்பச் செலவையும் கூட்டி, அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் இதன் மூல முறை. சந்தை விலையை ஒட்டிப் பங்கு விற்கும் பண்ணைகள் உழைத்தும் கடனிலேயே இருக்கும்.

விளைந்தால் உங்களுக்கும் கூடுதல், பொய்த்தால் உங்களுக்கும் குறைவு. இதை மனதார ஏற்காமல் சேர்ந்தவர்கள்தான் பாதியில் மனக்கசப்போடு விலகுகிறார்கள். பெரும்பாலான பண்ணைகளில் முதல் வாரங்களில் பெட்டி இலையாலேயே நிறைந்திருக்கும். நடுப்பருவத்தில் ஒரே காய் மலையாகக் குவியும். கடை அலமாரியின் வகைவகையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கணக்கையும் போட்டுவிடலாம். 16 வாரப் பங்கு எடுக்கிறீர்கள், வெளியூர்ப் பயணத்தில் 3 வாரம் எடுக்க முடியவில்லை. 16 பெட்டிக்குப் பணம் கட்டி 13 பெட்டி வாங்குகிறீர்கள். ஒரு பெட்டியின் விலை 23 சதவீதம் ஏறிவிட்டது. வந்ததிலும் கால் பங்கு அழுகிப்போனது என்றால் நீங்கள் உண்மையில் சாப்பிட்டது 9.75 பெட்டி. ஒவ்வொரு கிலோவுக்கும் 64 சதவீதம் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். சந்தா விலை அதிகம் என்று சொல்பவர்களில் பலருக்கு விலை ஏறியது பண்ணையில் அல்ல, குளிர்பெட்டியில்.

அதனால் பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன பருவத்தின் மிக மெலிந்த பெட்டியும் மிகக் கனத்த பெட்டியும் எத்தனை கிலோ? வராத வாரத்துப் பெட்டியை அண்டை வீட்டுக்கு மாற்றிவிடலாமா, அடுத்த வாரம் இரட்டிப்பாக வாங்கலாமா? பெட்டி நிரம்பாதபோது வெளியில் வாங்கிச் சேர்ப்பீர்களா, சேர்த்தால் எது வெளிப்பொருள் என்று எழுதி வைப்பீர்களா? அரைப்பங்கு உண்டா? பெட்டி எடுக்கும் இடத்தில் மாற்றுக்கூடை வைப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், பலன் பெரிது. பிடிக்காத காயை அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளும் ஒரு சாதாரணக் கூடை, வீட்டில் வீணாவதைக் கண்கூடாகக் குறைக்கும்.

புதிய விவசாயி ஒருவர் முதல் பருவத்திலேயே நூறு பங்கு விற்றிருந்தால் தயங்குங்கள். முதல் வருடம் முளைப்பும் தப்பும், களையும் முந்தும். தன்னால் முடியும் என்று நினைப்பதில் பாதியளவு பங்கை மட்டும் விற்று மீதியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் விவரமானவர். பெட்டிக்குக் குறை வந்தால் சந்தைக்குப் போவதிலிருந்து எடுத்து நிரப்ப அவருக்கு இடமிருக்கிறது.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கேரட், முள்ளங்கி, பீட்ரூட் தலையிலிருக்கும் இலைகளை ஒரு விரலளவு காம்பு விட்டு உடனே நறுக்குங்கள். இலை கிழங்கிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாளே கிழங்கு ரப்பர் மாதிரி வளையும். வெட்டிய இலையைத் தனியாகச் சமைக்கலாம். கீரையை ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வைத்தால் அழுகும், வெறுமனே வைத்தால் வாடும். நீரை உதறி, உலர்ந்த துணியில் சுருட்டிப் பையில் வையுங்கள். ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் வாயுவை வெளிவிடும். கீரை பக்கத்தில் இருந்தால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். தக்காளியை பழுக்கும்வரை வெளியே வையுங்கள், சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் மங்கிவிடும். உருளைக்கிழங்குக்கு இருட்டு வேண்டும். அளவுக்கு மேல் வந்த கீரையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே பனிக்கட்டி நீரில் ஆறவைத்து, பிழிந்து, ஒரு வேளைக்கான உருண்டையாக உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் வரும்.

மூட்டையாக வாங்கும் குழு

தானியம், பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு என்று நாள்பட நிற்கும் பொருளுக்குக் கூட்டுக் கொள்முதலை விஞ்சிய வழி இல்லை. விவசாயிக்கு ஒரே நாளில், ஒரே இடத்தில், முழு மூட்டை விற்றுவிடுகிறது. சில்லறைக்கு நிற்க வேண்டியதில்லை. கீரைக்கும் மென்பழத்துக்கும் இது ஒத்துவராது. பிரித்துக் கொடுக்கும் நேரத்திலேயே பாதி வாடிவிடும்.

இந்தக் குழுக்கள் உடைவது பெரும்பாலும் தராசில். 25 கிலோ மூட்டையைப் பத்து வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 2.5 கிலோ. ஒவ்வொருவருக்கும் தாராளமாக 50 கிராம் கூடப் போட்டால் ஒன்பது வீட்டில் 450 கிராம் போயிருக்கும். பத்தாவது வீட்டுக்கு 2 கிலோவும் ஒரு பிடியும்தான் மிஞ்சும். கடைசியில் வருபவர் மாதாமாதம் அதே ஆளாக இருந்தால் ஒரு நாள் வராமலே நின்றுவிடுவார். பத்துப் பையையும் வரிசையாக வைத்து முதலில் ஒவ்வொன்றிலும் 2.4 கிலோ போடுங்கள். கையில் ஒரு கிலோ மிஞ்சும். அதைப் பிறகு 100 கிராமாகப் போட்டு வாருங்கள். குறை வந்தாலும் எல்லாப் பையிலும் சில கிராம்தான் குறையும்.

வீடுகளிடம் பணத்தை வாங்கிய பிறகே விவசாயியிடம் பொருளுக்குச் சொல்ல வேண்டும். "அப்புறம் தருகிறேன்" என்பதற்கு இடம் கொடுத்தால், ஒருங்கிணைப்பவர் கைக்காசு மாட்டிக்கொள்ளும். பொருளுக்குச் சொல்வது, பணம் வாங்குவது, நிறுப்பது மூன்றையும் மூன்று பேரிடம் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்யும் குழு, அவர் வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் அத்தோடு நிற்கும். தானியத்தில் வண்டு வராமலிருக்க, வீட்டுக்கு வந்ததும் இறுக்கிக் கட்டிய பையோடு நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தெடுக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், இல்லையென்றால் காற்றின் ஈரம் தானியத்தில் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

குழு வளர்ந்தால் கூட்டுறவுக் கடையாக ஆகலாம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் சிலர் சேர்ந்து அப்படித்தான் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள்; வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 1973இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய பார்க் ஸ்லோப் கூட்டுறவில் உறுப்பினர்களே முறைவைத்துக் கடையில் வேலை செய்கிறார்கள். நேரம் கொடுக்க முடிந்தவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. முடியாதவர்கள் குற்றவுணர்வோடு சேர வேண்டாம்.

உணவகம்

உணவகத்தில் நீங்கள் கொடுக்கும் நூறில் சமையற்பொருளுக்குப் போவது பொதுவாக முப்பதையொட்டி. அதில் பாதி வட்டார விளைச்சல் என்று வைத்தாலும் விவசாயிக்குச் சேர்வது பதினைந்து. இந்தக் கணக்கை மட்டும் பார்த்து உணவகத்தை ஒதுக்குவது சரியில்லை. ஒரு சமையற்கட்டு வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் இருபது கிலோ எடுக்கும், வளைந்ததையும் சிறுத்ததையும் எடுத்துக்கொள்ளும். ஒரு புது ரகத்தை நட்டுப் பார்க்க விவசாயிக்குத் துணிச்சல் கொடுப்பது அந்த நிலையான வாங்கல்தான். உண்மையாகச் செய்கிறார்களா என்று அறிய உணவுப் பட்டியலைப் பாருங்கள். வருடம் முழுக்க ஒரே பட்டியல் என்றால் பொருள் வட்டாரத்திலிருந்து வர வாய்ப்பில்லை. எந்தப் பண்ணையின் காய் என்று பரிமாறுபவரைக் கேளுங்கள். பெயரைச் சொல்ல முடிந்தால் நல்லது.

பாடுபவர், வனைபவர், வரைபவர்

சந்தை இருக்கும் இடத்தில்தான் குயவரும் நெசவாளரும் ஓவியரும் பாட்டுக்காரரும் கூடுகிறார்கள். ஒரே கூட்டம் இரு தரப்பையும் வாழவைக்கிறது. ஆகவே விளைச்சலுக்குப் பார்த்த அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்: விற்காததை யார் சுமக்கிறார்? கடையில் வைத்து விற்றுக்கொடுக்கும் முறையில், விற்றால்தான் கலைஞருக்குப் பணம். ஓவியக்கூடங்கள் விற்ற விலையில் பாதிவரை எடுத்துக்கொள்வது வழக்கம். உடைந்தாலோ வெயிலில் நிறம் வெளுத்தாலோ யார் பொறுப்பு என்பதை எழுதிக்கொள்ளாமல் பொருளைக் கொடுக்கக் கூடாது. கடைக்காரர் மொத்தமாக விலை கொடுத்து வாங்கினால் சில்லறை விலையில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், ஆனால் அன்றைக்கே கிடைக்கும், சுமையும் கைமாறிவிடும். சந்தைக் கடையில் நேரே வாங்கினால் கலைஞருக்கு அதிகம் மிஞ்சுகிறது. முன்பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால் இன்னும் நல்லது. மண்ணும் நிறமும் வாங்க அந்தப் பணம்தான் உதவும்.

பண்ணைப் பங்கு முறையையே கலைக்கும் கொண்டுவந்தார்கள். 2010இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய திட்டம் ஒன்றில், கலைஞர்களுக்கு முன்கூட்டியே ஊதியம் கொடுத்து, பங்கு வாங்கியவர்களுக்குப் பெட்டியில் காய்கறிக்குப் பதில் அவர்கள் செய்த படைப்புகளைக் கொடுத்தார்கள். சந்தா நடத்தும் பண்ணை தன் பெட்டிச் சீட்டை ஓர் உள்ளூர் ஓவியரிடம் காசு கொடுத்து வரையச் சொல்வதிலிருந்துகூட இதைத் தொடங்கலாம். பாட்டுக்காரரை அழைத்தால் உறுதியான ஒரு தொகையைப் பேசிக்கொள்ளுங்கள், உண்டியலில் விழுவது அதற்கு மேல். "நாலு பேர் உங்களைக் கேட்பார்கள்" என்பது கூலி ஆகாது.

எங்கள் பரிந்துரை

வாரத்தில் மூன்று நான்கு வேளை மட்டும் சமைப்பவர்கள், அடிக்கடி பயணம் போகிறவர்கள் சந்தையோடு நின்றுகொள்ளலாம். தினம் சமைக்கும் வீட்டுக்கு, கையில் முன்பணமும் இருந்தால், அரைப்பங்குச் சந்தாதான் எங்கள் முதல் தேர்வு. முழுப்பங்கு அடுத்த பருவத்துக்கு. பணத்தை மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், பல பண்ணைகள் ஒப்புக்கொள்கின்றன. தானியத்துக்கும் கிழங்குக்கும் எல்லோருமே குழு சேரலாம். யாரிடம் சந்தா எடுப்பது என்று தெரியாவிட்டால் முதலில் ஒரு பருவம் சந்தையில் வாங்குங்கள். மழை நாளிலும் வந்தவர், விளைச்சல் குறைந்ததை மறைக்காமல் சொன்னவர், கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காதவர் யாரென்று அதற்குள் தெரிந்துவிடும். அவரிடமே பங்கு எடுங்கள்.

அடுத்த பருவம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதை விதை வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசிப் பெட்டி எடுக்கும் அன்றைக்கே சொன்னால் இன்னும் நல்லது. எத்தனை பாத்தி போடுவது, எத்தனை நாற்று விடுவது என்பதை அவர் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.